கார்ட்ரிட்ஜைக் குறை சொல்லும் முன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில், இயற்பியல் துறை 1993–96 அணியைச் சேர்ந்த மாணவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாகப் பேசுகிறவர்கள் பெரிய பதவியில் இருப்பவர்கள். போன வருஷம் பேசியவர் வங்கி அதிகாரி. அதற்கு முந்தின வருஷம் வெளிநாட்டிலிருந்து வந்த பேராசிரியர். நான் பிரிண்டர் ரிப்பேர் பார்க்கிறவன். செயலாளர் போன் பண்ணி, "இந்த வருஷம் நீதான்டா பேசணும்" என்றபோது, ராங் நம்பர் என்றுதான் நினைத்தேன். "எதைப் பத்திப் பேச?" என்று கேட்டேன். "உனக்கு என்ன தெரியுமோ அதைப் பேசு" என்றார். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

இன்று காலை நடந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். பதிவு மேஜையில் பெயர் அட்டை அடித்துக்கொண்டிருந்த பிரிண்டர் ஒன்பதரை மணிக்கு நின்றுபோனது. ஆரஞ்சு விளக்கு விட்டு விட்டு எரிகிறது. 'கார்ட்ரிட்ஜ் பிரச்சினை' என்று கம்ப்யூட்டரில் வருகிறது. வரிசையில் எழுபது பேர். பொருளாளர் புது கார்ட்ரிட்ஜ் வாங்க ஆளை பைக்கில் பழங்காநத்தத்துக்கு அனுப்பப் போனார். "அண்ணே, ரெண்டு நிமிஷம் பொறுங்க" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையை நனைத்தேன். ஆள் பைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுப்பதற்குள் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. அந்த இரண்டு நிமிஷத்தைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. இடையில் ஒரு தப்பும் செய்தேன். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

பசுமலைக்கும் மைக்கும் பழைய சம்பந்தம் உண்டு. இந்த மலையடிவாரத்தில்தான் அமெரிக்க மிஷனின் லெனாக்ஸ் அச்சகம் இருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் அச்சான சில தமிழ்ப் புத்தகங்களின் முகப்பில் 'பசுமலை' என்ற பெயரை இன்றும் பார்க்கலாம். இன்று தல்லாகுளத்தில் இருக்கிற அமெரிக்கன் கல்லூரியும் 1881-ல் கல்லூரியாக உருவானது இந்தப் பசுமலையில்தான். நாவலர் சோமசுந்தர பாரதியார் வீடு கட்டி வாழ்ந்ததும் இங்கேதான். அந்தக் காலத்தில் ஈய எழுத்தைக் கோத்து, மை உருட்டி, கையால் அழுத்தி அச்சடித்தவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. அச்சு சரியாக விழவில்லை என்றால், எங்கே தப்பு என்று கண்ணால் பார்த்துவிடலாம். நம் மேஜையில் இருக்கிற மெஷின் வாய் திறந்து சொல்வது, 'பிரச்சினை' என்ற ஒரே வார்த்தை. மீதியை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் 1996-ல் இங்கிருந்து வெளியே போனேன். இரண்டு வருஷம் வேலை தேடினேன். கிடைக்கவில்லை. அப்பா நகையை அடகு வைத்துக் கொடுத்த பணத்தில் திருப்பரங்குன்றம் ரோட்டில் ஒரு ஜாப் டைப்பிங் கடை போட்டேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். 'கர்ர் கர்ர்' என்று தெருவுக்கே கேட்கும். ரிப்பன் மங்கிவிட்டால் இரண்டு சொட்டு மை விட்டு மறுநாள் ஓட்டுவோம். அதில் ஒளிவு மறைவு கிடையாது. பிறகு இங்க்ஜெட் வந்தது. கலர் வந்தது. கல்யாணப் பத்திரிகை மாதிரி, புராஜெக்ட் ரிப்போர்ட் அட்டை, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் என் கடையிலேயே அடித்தேன். 2005-ல் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரௌசிங் சென்டர் ஆக்கினேன். ரீபில்லும் செய்தேன். சிரிஞ்ச் வாங்கி, மை வாங்கி, கார்ட்ரிட்ஜின் மேல் ஸ்டிக்கரைக் கிழித்து, ஓட்டையில் ஊசி விட்டு நிரப்புவேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இயற்பியல் சார் முன்வரிசையில் இருக்கிறார். தப்பு இருந்தால் திருத்துவார்.

1977-ல் ஜப்பானில், கேனன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில், இச்சிரோ எண்டோ என்ற பொறியாளர் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டது. உடனே ஊசி முனையிலிருந்து மை பீறிட்டது. சூட்டினால் உள்ளே ஒரு குமிழி உண்டாகி மையை வெளியே தள்ளியிருக்கிறது. இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்காவில் ஹியூலட் பேக்கார்ட் பொறியாளர்களும் தனியாக இதே வழிக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய திங்க்ஜெட் 1984-லும், டெஸ்க்ஜெட் 1988-லும் வந்தன. கார்ட்ரிட்ஜின் அடியில், தலைமுடியைவிட மெல்லிய ஓட்டைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு குட்டி ஹீட்டர். கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான தடவை சூடாகி, ஆறி, மறுபடி சூடாகிறது. ஒரு தடவைக்கு ஒரு சொட்டு. அந்தச் சொட்டின் அளவு சில பிகோலிட்டர். ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்குக்குப் பெயர் பிகோலிட்டர்.

எப்சன் பிரிண்டர்களில் சூடு கிடையாது. மின்சாரம் பட்டால் வளைந்து கொடுக்கிற பீசோ படிகம் மையை அமுக்கித் தள்ளுகிறது. அதில் ஹெட் மெஷினோடு இருக்கும். மைக் கூடு மட்டும்தான் தனி. முதல் வகையில் பெரும்பாலும் ஹெட்டே கார்ட்ரிட்ஜில்தான் இருக்கும். உங்கள் மெஷின் இதில் எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பாதி ரிப்பேர் முடிந்தது. முதல் வகையில் ஹெட் கெட்டால் கார்ட்ரிட்ஜை மாற்றினால் போதும். இரண்டாவது வகையில் ஹெட் கெட்டால் செலவு மெஷின் விலையை நெருங்கிவிடும்.

இனி அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

2013-ஆம் வருஷம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஓர் அரசுத் தேர்வு. காலையிலிருந்தே ஹால் டிக்கெட் எடுக்கக் கூட்டம். இடையில் கலர் மை தீர்ந்தது. அவசரத்தில் சிரிஞ்சில் கொஞ்சம் அதிகமாகவே ஏற்றி, துடைத்தும் துடைக்காமலும் மாட்டினேன். இரவு ஒன்பதரைக்குக் கடையை மூடப்போகிற நேரம், திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருத்தர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். வேட்டியில் செம்மண் ஒட்டியிருந்தது. பஸ் பழுதாகி நடுவழியில் நின்றுவிட்டதாம். ஹால் டிக்கெட்டைத் திரையில் எடுத்துக் கொடுத்தேன். பிரிண்ட் கொடுத்தால் மெஷின் ஓடவில்லை. 'கார்ட்ரிட்ஜ் பிரச்சினை.'

கறுப்பை எடுத்துத் திரும்ப மாட்டினேன். அதே பதில். கடையில் ஒரு புதுக் கறுப்பு கார்ட்ரிட்ஜ் இருந்தது. பிரித்துப் போட்டேன். அதே பதில். அந்தப் பெரியவர், "தம்பி, எவ்வளவு ஆனாலும் பரவால்ல, ஒரே ஒரு தாளு" என்றார். நான், "இல்லண்ணே, மெஷின் போச்சு. ஒண்ணும் பண்ண முடியாது. பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ப் பாருங்க, ஏதாவது கடை திறந்திருக்கும்" என்றேன். அந்தப் பெண் எதுவும் பேசவில்லை. திரையில் தெரிந்த தன் போட்டோவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அப்பாவின் பின்னால் ரோட்டைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். நான் ஷட்டரை இறக்கினேன்.

மறுநாள் காலை மெஷினைத் தூக்கிக்கொண்டு டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் கடை வைத்திருந்த பாயிடம் போனேன். வயதானவர். டைப்ரைட்டர் காலத்திலிருந்து ரிப்பேர் பார்த்தவர். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். பிறகு கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"ரெண்டுல எது கெட்டதுன்னு பாத்தியா?"

"கறுப்பை மாத்திப் பாத்தேன் பாய்."

"கறுப்பை மாத்துன. கலரை எடுத்துப் பாத்தியா?"

மூடியைத் திறந்தார். கலர் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து மேஜையில் வைத்தார். மூடியை மூடினார். கறுப்பு மட்டும் உள்ளே இருக்க, மெஷின் ஒரு தடவை முனகிவிட்டு ஓடியது. தாள் வந்து விழுந்தது. கலரின் செம்புப் புள்ளிகளில் மை கசிந்து காய்ந்திருந்தது. நான் அதிகமாக ஏற்றிய மை. பாய் அதைத் துடைத்துக் காய வைத்து மாட்டினார். இரண்டும் ஓடின. "இந்த மாதிரி மெஷின்ல ஒரு கார்ட்ரிட்ஜை எடுத்துட்டா இன்னொண்ணை வச்சே ஓட்டும்பா. கூட வந்த புக்குல போட்டிருக்கு" என்றார். காசு கேட்டேன். "தொடைச்சதுக்கு என்னத்த வாங்க?" என்றார்.

நான் பஸ்ஸில் திரும்பி வரும்போது மணி பத்தரை இருக்கும். தேர்வு தொடங்கியிருக்கும். அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது கறுப்பில் ஒரே ஒரு தாள். கறுப்பு கார்ட்ரிட்ஜ் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த கலரைக் கெடுத்தது நான். அதை எடுத்துவிட்டு ஓட்டலாம் என்பது அச்சடித்த புத்தகமாக என் அலமாரியிலேயே இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேறு கடை கிடைத்ததா, பரீட்சை எழுதினாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னால் ஒருதடவைகூட அவர்களை நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் முறையாகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் கடையில் போய் உட்காருவேன். அவரிடமிருந்து படித்ததையும், என் கையால் செய்து பார்த்ததையும் வரிசையாகச் சொல்கிறேன். தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளலாம். வரிசை முக்கியம். காசு செலவில்லாதது முதலில், செலவுள்ளது கடைசியில்.

முதலாவது, செய்தியைப் படியுங்கள். 'கார்ட்ரிட்ஜ் தெரியவில்லை' என்பது வேறு, 'மை குறைவு' என்பது வேறு, 'கார்ட்ரிட்ஜ் நகரவில்லை' என்பது வேறு. நகரவில்லை என்றால் உள்ளே கிழிந்த தாள், கிளிப், சில சமயம் பல்லியும் இருக்கும். மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, டார்ச் அடித்துப் பாருங்கள்.

இரண்டாவது, எண்ணைப் பாருங்கள். 802 என்றும் 803 என்றும் எச்.பி. கார்ட்ரிட்ஜ்கள் உண்டு. ஒரே ஓர் எண்தான் வித்தியாசம். ஒன்றுக்கான மெஷினில் மற்றது வேலை செய்யாது. கடைக்காரர் அவசரத்தில் மாற்றிக் கொடுத்திருக்கலாம். கறுப்பின் இடத்தில் கலரையும் கலரின் இடத்தில் கறுப்பையும் வைக்கப் பார்த்தவர்களும் உண்டு.

மூன்றாவது, புது கார்ட்ரிட்ஜ் என்றால் ஓட்டைகளை மூடியிருக்கும் பிளாஸ்டிக் டேப்பை எடுத்தீர்களா என்று பாருங்கள். எடுக்காமல் மாட்டிவிட்டு, "மெஷின் சரியில்லை" என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். இன்னும் சிலர் அதற்கு மேலே போய், பளபளப்பாக இருக்கிறதே என்று செம்புத் தகட்டையும் சேர்த்து உரித்துவிடுவார்கள். அது மின்சாரம் போகிற பாதை. உரித்தால் கார்ட்ரிட்ஜ் அதோடு சரி.

நான்காவது, துடைப்பது. இன்று காலை நான் செய்தது இதைத்தான். மெஷின் ஆனில் இருக்கும்போதே மூடியைத் திறந்து, கார்ட்ரிட்ஜ் நகர்ந்து வந்து நின்றதும் பிளக்கை எடுத்துவிட்டுக் கார்ட்ரிட்ஜைக் கழற்றுங்கள். நூல் பிரியாத, பல தடவை துவைத்த பருத்தி வேட்டித் துணி நல்லது. டிஷ்யூ பேப்பர் வேண்டாம், பிசிர் ஒட்டும். தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரின் உப்பு உங்களுக்கே தெரியும். இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற பேட்டரித் தண்ணீர் இருபது முப்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் துணியை நனைத்து, பிழிந்து, செம்புப் புள்ளிகளை மட்டும் துடையுங்கள். மெஷினுக்குள் அதைத் தொடுகிற ஊசிகளையும் மெதுவாக ஒற்றி எடுங்கள். அடியில் உள்ள ஓட்டைகளை விரலால் தொட வேண்டாம். பத்து நிமிஷம் காய விட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். அரைமணி நேரத்துக்கு மேல் கார்ட்ரிட்ஜை வெளியே வைத்தால் ஓட்டை காய்ந்துவிடும். (இன்று காலை கைக்குட்டையும் குடிதண்ணீரும்தான் கிடைத்தது. ஆபத்துக்குப் பாவமில்லை.)

ஐந்தாவது, பாய் கேட்ட கேள்வி. இரண்டில் எது? மை காய்ந்துபோன ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் வைத்து மூடிப் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். எல்லா மாடலிலும் இந்த வசதி இல்லை. உங்கள் மாடலில் இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்து, பிரிண்டரின் நெற்றியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். அவசரத்தில் கையேட்டைத் தேட முடியாது.

ஆறாவது, மெஷின் ஆனில் இருக்கும்போதே பவர் கார்டைப் பிடுங்கி ஒரு நிமிஷம் கழித்து மாட்டுங்கள். சில சமயம் மெஷினுக்கும் மனசு தெளிய வேண்டியிருக்கிறது.

இதற்குப் பிறகும் அதே கார்ட்ரிட்ஜ் தகராறு செய்தால், அதன் ஹீட்டர் எரிந்திருக்கலாம். மை இல்லாமல் ஓட்டினால் எரியும். ஹீட்டரைக் குளிர வைப்பதும் அந்த மைதான். அப்போது புதிது வாங்குங்கள். புதிதிலும் அதே தகராறு என்றால் கோளாறு மெஷினில். அப்போது மெக்கானிக்கிடம் வாருங்கள்.

'மை குறைவு' என்ற செய்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல மெஷின்களில் உள்ளே எட்டிப் பார்க்கிற கண் எதுவும் இல்லை. எத்தனை சொட்டு விழுந்தது என்று எண்ணி, இவ்வளவுதான் மிச்சம் இருக்கும் என்று கணக்குப் போடுகிறது. ரீபில் செய்தது அதற்குத் தெரியாது. நீங்கள் வயிறு நிறைய ஊட்டியிருப்பீர்கள், அது இன்னும் பட்டினி என்றே எழுதிக்கொண்டிருக்கும். எச்சரிக்கை மட்டும் என்றால் 'சரி' என்று அழுத்திவிட்டு எழுத்து மங்கும்வரை அடிக்கலாம். கேனன் மெஷின்கள் சிலவற்றில் இ13, இ16 என்று எண் வரும். ஸ்டாப் பொத்தானை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் மைக் கணக்கை விட்டுவிட்டு ஓடும். ரீபில் செய்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் அதன் பிறகு மை தீர்வதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

கோடு கோடாக விட்டுவிட்டு அடித்தால், அது அடைப்பு. மெஷினிலேயே சுத்தம் செய்கிற வசதி உண்டு. இரண்டு தடவைக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு சுத்தமும் மையைக் குடிக்கும். குடித்த மை அடியில் உள்ள பஞ்சில் சேரும். பஞ்சு நிறைந்தால் மெஷின் வேறொரு காரணத்துக்காக நிற்கும். ஹெட்டோடு கூடிய கார்ட்ரிட்ஜ் என்றால், வெதுவெதுப்பான பேட்டரித் தண்ணீரில் நனைத்த துணியின் மேல் ஓட்டைப் பக்கம் கீழே படும்படி சில நிமிஷம் உட்கார வையுங்கள். காய்ந்த மை இளகி, துணியில் கறுப்போ, மூன்று கலரோ பட்டையாக இறங்கும். இறங்கினால் பிழைத்துவிட்டது. இன்னொன்று, கறுப்பு மையில் பல நேரம் இருப்பது பொடி கலந்த மை, கலரில் இருப்பது கரைந்த சாய மை. ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றினால் அடைப்பு வரும். 'எல்லாத்துக்கும் சேரும்' என்று பாட்டிலில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

நம் ஊருக்கென்றே ஒரு நோய் உண்டு. வேலை முடிந்ததும் நாம் சுவரில் உள்ள சுவிட்சை அணைக்கிறோம். கரண்ட் பில் பயம். பிரிண்டரை அதன் பொத்தானால் அணைத்தால்தான், கார்ட்ரிட்ஜ் ஓரமாகப் போய் ரப்பர் மூடியின் மேல் உட்காரும். சுவரில் அணைத்தால் நின்ற இடத்திலேயே வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். சித்திரை வெயிலில் இரண்டு நாள் போதும், காய்ந்துவிடும். 2012-ல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். நடு பக்கத்தில் கரண்ட் போகும், கார்ட்ரிட்ஜ் நடுவழியில் நிற்கும், மறுபடி கரண்ட் வர மணிக்கணக்கு ஆகும். அந்த வருஷம் காய்ந்த ஹெட்டுகளை எல்லோரும் 'டூப்ளிகேட் மை' என்று திட்டினோம். பாதிக்குக் காரணம் மையில்லை. முதலில் பிரிண்டர் பொத்தான், விளக்கு அணைந்த பிறகு சுவர் சுவிட்ச். வாரத்துக்கு ஒரு தாளாவது கலரில் அடியுங்கள். இவ்வளவு செய்தால் என் கடைக்கு நீங்கள் வரவேண்டியது பாதியாகக் குறையும்.

மாணவர்கள் சிலர் கேட்பார்கள், "அண்ணே, கம்பெனிக்காரனே ரீபில் போட்டா ஓடாத மாதிரி சிப் வைக்கிறானே" என்று. உண்மைதான். 2016 செப்டம்பரில் எச்.பி. கம்பெனியின் சில பிரிண்டர்கள், அதுவரை ஏற்றுக்கொண்டிருந்த வெளிக் கம்பெனி கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென்று நிராகரித்தன. உலகம் முழுக்கச் சத்தம் எழுந்தது. கம்பெனி வருத்தம் தெரிவித்து, அந்தத் தடையை நீக்கும் மென்பொருளைக் கொடுத்தது. ஆனால் அந்த ஏற்பாட்டை அவர்கள் கைவிட்டுவிடவில்லை. பிந்தைய மாடல்கள் பலவற்றில் பெட்டியிலேயே அந்த நிபந்தனையை அச்சிட்டு விற்றார்கள். ஆகவே வாங்கும் முன் பெட்டியைப் படியுங்கள். இன்னொரு பக்கம், 2017 மே 30-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லெக்ஸ்மார்க் டோனர் கார்ட்ரிட்ஜ் வழக்கில், ஒரு பொருளை விற்றுவிட்ட பிறகு அதன்மேல் காப்புரிமையைக் காட்டி வாங்கியவரைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. வழக்கு நடத்தியவர்கள் பெரிய கம்பெனி ஒருபக்கம், ரீபில் செய்து விற்கும் சின்னக் கம்பெனி ஒருபக்கம். நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது.

கார்ட்ரிட்ஜ் தொல்லையே வேண்டாம் என்றால் டேங்க் பிரிண்டர் இருக்கிறது. 2010-ல் எப்சன் இதை முதலில் இந்தோனேசியாவில் விற்றது. அங்கேயும் நம்மைப் போலவே பிரிண்டருக்குப் பக்கத்தில் மை பாட்டிலும் குழாயும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் கம்பெனியே டேங்க் வைத்துக் கொடுத்தது. மாதம் நூறு தாளுக்கு மேல் அடிக்கிறவர்களுக்கு அது லாபம். மாதம் ஐந்து தாள் அடிக்கிறவர்கள் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போவதே லாபம். இதைச் சொன்னால் என் தொழிலுக்கு நஷ்டம். இருந்தாலும் அதுதான் கணக்கு.

நஷ்டம் என்றதும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பாயிடம் கற்றுக்கொண்ட பிறகு, என் பழைய பில் புத்தகத்தைப் புரட்டினேன். ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஓர் அக்காவுக்கு ஒரே வருஷத்தில் ஐந்து கார்ட்ரிட்ஜ் விற்றிருந்தேன். ஐந்து தடவையும் 'கார்ட்ரிட்ஜ் பிரச்சினை'. ஒரு தடவைகூட நான் துடைத்துப் பார்க்கவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று நினைத்ததில்லை. புதிதை மாட்டினால் ஓடியது, காசும் வந்தது, அதனால் அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. ஒருநாள் அவர் கடைக்குப் போய், "அக்கா, அதுல நாலாவது தேவையில்லாம வித்திருப்பேன்" என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அந்த வருஷம் சின்னவனுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட முடியாம வட்டிக்கு வாங்குனேன் தம்பி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதன் பிறகு அவர் கடையை எடுக்கும்வரை அவருக்கு நான் ரீபில்லுக்குக் காசு வாங்கவில்லை. அதனால் கணக்கு நேராகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது என் கடையில் வழக்கம் இதுதான். யார் மெஷின் கொண்டுவந்தாலும், அவர் கண் முன்னால் திறக்கிறேன். அவரையே துடைக்கச் சொல்கிறேன். ஓடினால் காசு வாங்குவதில்லை. ஓடாவிட்டால் என்ன கெட்டது, எவ்வளவு ஆகும் என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். முதல் ஆறு மாதம் வருமானம் விழுந்தது. வீட்டில் சண்டை. பிறகு திருநகரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். இன்று பிழைப்பு ஓடுகிறது, பெரிய லாபம் ஒன்றும் இல்லை.

தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி மட்டும் ஒரு தனி வழக்கம் வைத்திருக்கிறேன். கடை பதினோரு மணிவரை திறந்திருக்கும். ஹால் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. இன்ஜெட் ஒன்று, லேசர் ஒன்று, இரண்டையும் மாலையிலேயே ஓட்டிப் பார்த்து வைத்துவிடுவேன்.

தம்பி தங்கைகளே, ஹால் டிக்கெட்டைக் கடைசி நாள்வரை வைக்காமல் கிடைத்த அன்றே இரண்டு பிரதி எடுங்கள். பி.டி.எப். கோப்பைப் போனிலும், வீட்டில் இன்னொருவர் போனிலும் வையுங்கள். காலி கார்ட்ரிட்ஜைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். மின்கழிவு விதிகளின் பட்டியலில் பிரிண்டரோடு கார்ட்ரிட்ஜும் சேர்ந்திருக்கிறது. என் கடையில் கொடுத்தால் உரியவர்களிடம் சேர்ப்பேன். யாருக்காவது இந்த வேலை கற்க விருப்பம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை வரலாம். பாய் எனக்குச் சொல்லிக்கொடுத்ததற்குக் காசு வாங்கவில்லை. நானும் வாங்கமாட்டேன். துணி மட்டும் கொண்டு வாருங்கள், பழைய வேட்டித் துணி.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரி நூலகத்திலும் அலுவலகத்திலும் உள்ள பிரிண்டர்களை வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து பார்த்துக் கொடுக்க எனக்கு அனுமதி தாருங்கள். நான் இங்கே ஹாஸ்டல் பீஸ் பாக்கி வைத்து, அதைச் சார் ஒருவர் சத்தமில்லாமல் கட்டியதால்தான் மூன்றாம் வருஷப் பரீட்சை எழுதினேன். எனக்கு அன்று ஹால் டிக்கெட் கிடைத்தது.

 சாப்பாட்டுக்குப் போகும்முன் பதிவு மேஜையில் இருக்கிற தம்பிக்கு ஒரு வார்த்தை: பிரிண்டரைப் பொத்தானால் அணைத்துவிட்டு வா.